எழுபது என்று மட்டும் கேட்டது

சிங்கப்பூரில் நான் முதலில் பயந்தது ஜன்னலுக்கு. என் நாத்தனார் சுமதியின் வீடு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியை ஒட்டி இருந்தது. அங்கே துணி உலர்த்த வேண்டுமென்றால், நீளமான மூங்கில் கழியில் துணிகளைக் கோத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சுவரில் பதித்திருக்கும் குழாயில் செருக வேண்டும். ஈரத்துணியோடு கழி கனக்கும். நீட்டும்போது நாமும் பாதி வெளியே போய்விடுவோம். ஒன்றரை வயது மகள் சிந்துவைச் சமையலறைக்கு அந்தப் பக்கம் விட்டுக் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் ஒவ்வொரு நாளும் அந்தக் கழியைத் தொட்டேன். தாழ் போட்டுவிட்டால், தனியாக உள்ளே என்ன செய்கிறாளோ என்ற பயம் வந்துவிடும்.

சுமதிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவள் கணவருக்குக் கப்பல் பட்டறையில் மாறி மாறி வரும் ஷிப்ட். "அண்ணி, சமைச்சிப் போட ஆளில்ல, கொஞ்ச நாள் வந்துட்டுப் போங்க. அப்படியே அண்ணனுக்கு கேமரா லென்ஸ் வாங்கிகினு போலாம்" என்று சொல்லி டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். சமையல் எனக்குத் தெரிந்த வேலை. லென்ஸ் விஷயத்தில்தான் கிளம்பும் வரையில் வீட்டில் ஒரு முடிவும் ஏற்படவில்லை.

வந்து இறங்கிய அன்றே ஒரு கேடு. திருத்தணியிலிருந்து எடுத்துப் போன புளிச்சகீரைத் தொக்கு பாட்டிலின் மூடி வழியில் கழன்றுகொண்டு, கேமராவைச் சுற்றியிருந்த துண்டெல்லாம் எண்ணெய். லென்ஸை மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காகக் கேமராவை மட்டும் கூடவே கொண்டு போயிருந்தேன். அதன் வாய் மூடியிருந்ததால் தப்பித்தது. ஆனால் அதன் பின்கதவைத் திறந்து பிலிம் போடும் இடத்தை நான் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தையல் வலிக்குது. கல்யாண போட்டோல எல்லாருக்கும் நாக்குல தண்ணி ஊறப் போவுது பாருங்க" என்றாள். துண்டில் ஒட்டியிருந்த தொக்கை விரலால் வழித்து நக்கவும் செய்தாள். "ஐயோ, இதத் துன்னு எவ்ளோ நாளாவுது!"

என் கணவருக்குத் திருத்தணியில் போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம் எடுப்பதும் ஆல்பம் ஒட்டுவதும் நான். கல்யாணங்களுக்குப் போவது அவர். போன ஆனியில் பள்ளிப்பட்டு சாலையில் மழைச் சேற்றில் வண்டி சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். பைக்குள் இருந்த கேமராவுக்குக் கீறல்கூட இல்லை. லென்ஸ் மட்டும் இரண்டாகப் போயிற்று. தையல் பிரித்த அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார்: நடக்கலாம், குந்தி எழுவதும் ஏறிக் குதிப்பதும் இனி வேண்டாம். அன்றிலிருந்து இந்தப் பயணம் வரைக்கும் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆவணியில், இரவல் லென்ஸோடு நகரி ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்குப் போனார். எங்கள் ஊரில் மலைமேல் கோயிலில் கல்யாணம் என்றால் நிதானம் இருக்காது. ஒரே முகூர்த்தத்தில் பல ஜோடிகள். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை போட எல்லாரும் ஒன்றாக எழுந்துகொள்வார்கள். அந்த நொடியில் போட்டோக்காரர் மணமக்களின் முழங்காலுக்கு எதிரே குந்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிடைப்பது முதுகுதான். என் கணவருக்குக் கிடைத்ததும் முதுகுதான். பெண்ணின் அண்ணன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்தான். ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். கத்தவில்லை. "எல்லாம் கீது சார். தாலி எங்க சார்?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றும் எங்களுக்கு வரவில்லை.

தை பிறப்பதற்குள் சொந்த லென்ஸ் வேண்டும். கோயில் மண்டபத்து மங்கலிலும் படம் விழுகிற, வாய் அகன்ற நல்ல ஜூம் லென்ஸ். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இருபத்துநான்கு-எழுபது: கிட்ட நின்று கூட்டத்தையும் முகத்தையும் பிடிக்க. மற்றொன்று எழுபது-இருநூறு: தூர நின்றபடியே முகத்தை இழுத்துக் காட்ட. பணம் ஒன்றுக்குத்தான் காணும். எதை முதலில் வாங்குவது? "நேர்ல புடிச்சிப் பாத்துட்டு போன் பண்ணு, சொல்றேன்" என்று அவர் என்னை அனுப்பி வைத்தார்.

இரண்டாம் நாள் கடைக்குப் போனோம். மாடிமேல் மாடியாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் மட்டுமே அடைந்திருந்த கட்டடம். நம்மூர்ச் சந்தையில் கத்தரிக்காய்க்காரர்கள் கூப்பிடுவது மாதிரியே அங்கேயும் கூப்பிடுகிறார்கள். "அக்கா, வாங்க, கேமரா, கேமரா" என்று ஒரு சீனப் பையன் தமிழில் கூப்பிட்டதைக் கேட்டு சிந்து பயந்து அழுதாள்.

நாங்கள் நுழைந்த கடையில் தலை நரைத்த சீனர் ஒருவர் இருந்தார். இரண்டு லென்ஸையும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் நிறுத்தினார். சின்னது ஒரு செம்பு உயரம். பெரியதைக் கையில் வாங்கியபோது ஒரு படி அரிசியைத் தூக்குவதுபோல் இருந்தது. கேமராவில் மாட்டி, வாசல் அருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுமதியைப் பார்த்தேன். அவள் உதட்டு வெடிப்புவரை தெரிந்தது. ஆனால் கனத்தில் கேமரா ஆடியதில் அவள் முகமும் ஆடியது.

"உங்கள் கணவர் நடக்கிறவரா, நிற்கிறவரா?" என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கள் கதையை யார் இவருக்குச் சொன்னார்கள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவர் விளக்கினார்: "கல்யாணப் போட்டோக்காரர்கள் இரண்டு சாதி, மேடம். உள்ளே புகுந்து நடக்கிறவன் இதை வாங்குவான். வெளியே நின்று பார்க்கிறவன் அதை வாங்குவான். இரண்டையும் வாங்குகிறவன் மாமனார் வீட்டில் காசு உள்ளவன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"நடப்பார்" என்றேன்.

"அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாமே" என்று சின்னதை என் பக்கம் தள்ளினார். நாளை வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். நடப்பார் என்றது பொய்யில்லை. நடக்கத்தான் செய்கிறார். அப்படியும் வெளியே வந்து மின்தூக்கிக்கு நின்றபோது என் காது சுட்டது.

அன்று மாலை தொலைபேசி அட்டை வாங்கி ஸ்டுடியோவுக்குப் பேசினேன். ரிசீவர் என் காதுக்குப் போனதுமே சிந்து அப்பாவிடம் பேச "நைனா, நைனா" என்று என் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள். பெரியது கனமா, சின்னதில் படத்தின் விளிம்பு வளைகிறதா என்று அவர் விவரமாகக் கேட்டுக்கொண்டார். எது என்று மட்டும் சொல்லவில்லை. "ரெண்டு நாள் உடு. யோசிக்கறேன்" என்றார். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனோம். முருங்கைக்கீரை கிடைத்தது. வேர்க்கடலையும் கிடைத்தது, ஆனால் நம்மூர்க் கடலையின் எண்ணெய் வாசனை அதில் இல்லை. சுமதி ஒரு கடையில் மீன்தலைக் குழம்பு வாங்கித் தந்தாள். தட்டு நிறைய ஒரே தலை, கண்ணோடு என்னைப் பார்த்தது. சிந்து அந்தக் கண்ணைத் தொட விரலை நீட்ட, நான் அவள் கையைத் துடைத்துத் துடைத்து என் சோறு ஆறிவிட்டது.

திரும்பும்போது ரயிலில் தவறு நடந்தது. அங்கே ரயில் கதவு நம் அரக்கோணம் லோக்கல் மாதிரி இல்லை. நம் வண்டி நகர்ந்த பிறகும் ஓடி வந்து தொற்றிக்கொள்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர்கள் கை கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். அங்கே மணி அடித்தால் கதவு மூடிவிடும். அந்த மணி கேட்டதும் நான் ஊர்ப் பழக்கத்தில் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சுமதி வயிற்றில் கையை வைத்தபடி மெல்ல வந்துகொண்டிருந்தாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாயசைத்தாள். இறங்கு என்கிறாளா, இரு என்கிறாளா என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் பின்னுக்குப் போய்ச் சிறியவளானாள். தையல் போட்ட பெண்ணைக் கூட்டத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் ஓடி ஏறியிருக்கிறேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்வண்டி பிடிப்பதா, அங்கேயே நிற்பதா என்று மாறி மாறி யோசித்து, கடைசியில் அங்கேயே நின்றேன். சிந்துவின் வெறுங்காலைத் தொட்டு ஒரு சீனக் கிழவி என்னைத் திட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த வண்டியில் சுமதி வந்து இறங்கினாள். "நான் இன்னா உங்க மூட்டையா, உட்டுட்டு ஓடறதுக்கு?" என்றாள். கிழவி திட்டிவிட்டுப் போனதைச் சொன்னேன். "இந்த ஏசி குளுர்ல புள்ளைக்கு சாக்ஸ் போடாம தூக்கிகினு வந்துகிறன்னு திட்டிருப்பா. இங்க எல்லாரும் உங்களுக்கு மாமியார்தான் அண்ணி" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெல்ல வருகிறவர்களோடு போகும்போது நானும் மெல்லப் போக வேண்டும் என்பது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை? வீட்டில் அவரோடு நடக்கும்போதும் இப்படித்தான் முன்னால் போய்விடுகிறேனோ?

அதற்கடுத்த நாள் ஞாயிறு. சுமதி வீட்டுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வீடுகள் கிடையாது. தூண்கள் மட்டுமே நிற்கும் திறந்த கூடம். அங்கே ஒரு மலாய்க் கல்யாணம். கீழே குழந்தைக்கு வேடிக்கை காட்டப் போனவளை ஓர் அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. அழைக்காத கல்யாணத்தில் கை நனைப்பதா என்று தயங்கினேன். சிந்து தயங்கவில்லை.

சாப்பிட்டேன் என்றாலும் என் கண் போட்டோக்காரர்கள் மேலேயே இருந்தது. இருவர் இருந்தார்கள். இளையவன் சின்ன லென்ஸோடு மணமேடையின் முன்னால் குந்தினான், எழுந்தான், ஒரு தூணைப் பிடித்து ஏறினான், மறுபடி குந்தினான். அவன் என்ன படம் எடுக்கிறான் என்று நான் பார்க்கவே இல்லை. அவனுடைய முழங்கால் மடங்கி நிமிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய லென்ஸைத் தொடையில் ஊன்றியிருந்தார். மணப்பெண்ணின் தாய் யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் லென்ஸ் அந்தப் பக்கம் திரும்பியது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்கலாம்! தட்டைக்கூட எடுக்காமல் அவரிடம் போய், என் கணவரும் இதே தொழில்தான் என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டு, இந்த ஒரு லென்ஸை மட்டும் வைத்துக் கல்யாணம் முழுவதும் எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எடுக்கலாம். முன்னால் யாரும் எழுந்திருக்காத கல்யாணமாக இருந்தால்" என்றார். பிறகு இடுப்பைத் தட்டிக் காட்டினார். "எனக்கு முதுகு போய்விட்டது. உள்ளே போக என் தம்பி இருக்கிறான். அவன் இருப்பதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நாற்காலியைப் பார்த்து வந்த சந்தோஷம் நாற்காலி பக்கத்திலேயே போய்விட்டது. உள்ளே போக ஒருவர் வேண்டும். எங்களுக்குத் தம்பி இல்லை. ஆள் வைக்கவும் வழியில்லை.

மறுநாள் ஊருக்குப் பேசியபோது இணைப்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஐப்பசி அடைமழை. கம்பியில் இரைச்சல். என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

"பாவா, யோசிச்சீங்களா? எது வாங்கட்டும்?"

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்து வந்து போனது. "...எழுபது எடுத்துக்க... புரிஞ்சிதா? எழுபது..."

"எந்த எழுபது பாவா?"

"ஆங்... ஆங்..." என்றார். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுநாள் காலையிலும் போட்டேன். திருத்தணிக்குத் தொலைபேசி வேலை செய்யவில்லை.

எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸுக்கு முழு எண்ணையும் சொல்ல மாட்டார்கள். டவுன் பஸ்ஸைச் சொல்வதுபோல ஒரு எண்தான். உடைந்துபோன எங்கள் பழைய லென்ஸ் முப்பத்தைந்து-எழுபது. அதை அவர் எழுபது என்றுதான் சொல்வார். அதே வகையில் புதியது இந்த இருபத்துநான்கு-எழுபது. ஆனால் அரக்கோணத்துக்காரர்கள் எழுபது-இருநூறையும் எழுபது என்றுதான் சொல்வார்கள். அவர்களோடு பேசும்போது இவரும் அப்படியே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சுமதியிடம் சொன்னேன். "எழுபதுன்னா எழுபதுதான் அண்ணி. கடையில போயி எழுபது குடுன்னு கேளுங்க" என்றாள்.

"ரெண்டுலயும் எழுபது கீது சுமதி."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் சின்ன வயசுலருந்தே இப்படித்தான். இன்னா கொழம்பு வோணும்னு கேட்டா, நேத்து வெச்சதுன்னுவான். நேத்து ரெண்டு வெச்சிருப்போம்."

அன்றிரவு சாதம் குழைந்துவிட்டது. பழைய எழுபதைச் சொல்கிறார் என்றால், மறுபடியும் உள்ளே புகுந்து குந்தி எழலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். தூரத்து எழுபது என்றால், தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். என் கணவர் இந்த இரண்டில் எந்த மனிதர் என்பதை நான் ஒரு கடையில் போய்ச் சொல்ல வேண்டும். பெரியதை வாங்கிப்போய், அவர் கேட்டது சின்னதாக இருந்தால், இனி உங்களால் குந்தி எழ முடியாது என்று நானே அவர் முகத்துக்கு எதிரில் சொன்னதாகும். சின்னதை வாங்கிப்போய், அவர் கேட்டது பெரியதாக இருந்தால், முடியாத வேலைக்கு அவரைப் பிடித்துத் தள்ளியதாகும்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் கடைக்குப் போனேன். நரைத்தவர் என்னை மறக்கவில்லை. "நடக்கிறவர்!" என்றார். சின்னதைக் காட்டி, இது என்றேன். மலைமேல் கல்யாணத்தில் யாராவது உள்ளே போயே ஆக வேண்டும். முதலில் வாங்க வேண்டியது உள்ளே போகிறவருக்கான லென்ஸ். இதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளே போகிறவர் யார் என்று நான் நினைத்தேன் என்பதைச் சுமதியிடம்கூடச் சொல்லவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், திரும்பிப் போய் மாற்றிவிடலாமா என்று நின்றேன். சிந்து வெயிலில் சிணுங்கினாள். நடந்துவிட்டேன்.

திருத்தணியில் மழை விட்டிருந்தது. அவர் ஸ்டுடியோ மேசையில் பெட்டியை வைத்து மெதுவாகப் பிரித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆங்! இதத்தான் சொன்னேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம எழுபது. லைன்ல உனுக்கு எங்க கேக்காம பூடுமோன்னு பயந்துகினே இருந்தேன்." விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சரியாக வாங்கி வந்துவிட்டேன். குந்தி எழலாம் என்றுதான் அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

தையில் முதல் முகூர்த்தம். மலைக்கு நானும் கூடவே போனேன், பிளாஷ் பிடிக்க என்று சொல்லிக்கொண்டு. அவர் கூட்டத்துக்குள் புகுந்தார். மணமக்களுக்கு எதிரே, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக் குந்தியும் விட்டார். ஒரு நிமிடம் எல்லாம் பழையபடி இருந்தது. ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துச் சுற்றி அனுப்பினார். யாரோ ஒரு பெரியவர் குறுக்கே வந்து நின்றார். அரை அடி நகர வேண்டும். என் கணவர் எழப் பார்த்தார். இடுப்பு வரவில்லை. மறுபடி பார்த்தார். கை தரையில் ஊன்றியது.

"யோவ் போட்டோ, ஓரம் குந்துய்யா, மறைக்கிது" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவை மட்டும் தலைக்குமேல் பின்பக்கமாக நீட்டினார். "இந்தா, புடி. கிட்ட போ."

வாங்கிக்கொண்டு, அவர் தோளைத் தாண்டிப் போனேன். மணப்பெண்ணின் முழங்காலுக்கு எதிரே குந்தினேன். "இன்னாடா, பொம்பள எடுக்குது" என்று ஒரு குரல். அட்சதை என் தலையிலும் விழுந்தது. எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியில் ஒட்டிய குங்குமத்தைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் வந்த அன்று, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தாலிப் படத்தில் வெகுநேரம் நின்றார். மூன்று முடிச்சில் கடைசி முடிச்சு, மாப்பிள்ளையின் விரல், பெண்ணின் தாழ்ந்த இமை, எல்லாம் விழுந்திருந்தது.

"நல்லா வந்துகீது" என்றார்.

"நீங்க சொன்ன லென்ஸ்தானே பாவா" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் தோள்வாரின் கொக்கியைத் தளர்த்த ஆரம்பித்தார். அவர் உயரத்துக்கு விட்டிருந்த வார் அது. கொக்கியில் நகத்தை விட்டு இழுத்து இழுத்துக் குறுக்கினார்.

"மாட்டிப் பாரு" என்றார்.

கழுத்தில் மாட்டினேன். அவர் சற்றுத் தள்ளி நின்று, துணிக்கடையில் அளவு பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இன்னும் தொங்குது. குடு" என்று கழற்றி வாங்கிக்கொண்டு, மறுபடி குனிந்தார்.